மொழி ஆசிரியருக்குப் பட்டம் வேண்டுமா? ஒரு நோட்டை வைத்து முடிவெடுக்கும் வழி

"அக்கா, நான் எம்.ஏ. சேரட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்" என்று என்னோடு வேலை பார்க்கும் இளம் ஆசிரியை ஒருத்தி கேட்டாள். விண்ணப்பம் அனுப்புவதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள் என்றேன். அது எதற்கு என்று கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

நான் 14 வருடமாகப் பெரியவர்களுக்கு மொழி கற்றுக்கொடுக்கிறேன். காலையில் ஆங்கிலம், மாலையில் தமிழ் தெரியாதவர்களுக்குத் தமிழ். முதல் எட்டு வருடம் என் கையில் இருந்தது வணிகவியல் பட்டமும் ஒரு குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழும்தான். அப்புறம் வேலை பார்த்துக்கொண்டே பயன்பாட்டு மொழியியலில், அதாவது மொழி கற்றல், கற்பித்தல் போன்றவற்றை ஆராயும் துறையில், முதுகலை முடித்தேன். பட்டம் இல்லாமலும் பாடம் நடத்தியிருக்கிறேன், பட்டத்தோடும் நடத்துகிறேன். இரண்டு காலத்து மாணவர்களும் என்னிடம் மொழி கற்றுக்கொண்டுதான் போனார்கள். ஆனால் நான் ஒரே மாதிரி கற்பிக்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பட்டம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கதவு திறக்கிறது: விசா, பள்ளி வேலை, சம்பள உயர்வு, கல்லூரியில் ஓர் இடம். இன்னொன்று, உங்கள் வகுப்பை மாற்றுகிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "பட்டம் நல்லதா?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. கதவுக்காகப் படிக்கிறவர் எந்தப் பட்டம் எங்கே செல்லும் என்று பார்க்க வேண்டும். வகுப்புக்காகப் படிக்கிறவர் பாடத்திட்டத்தை வரிவரியாகப் பார்க்க வேண்டும். பலர் கதவுக்காகச் சேர்ந்துவிட்டு வகுப்பு மாறவில்லையே என்று வருந்துகிறார்கள். வகுப்புக்காகச் சேர்ந்தவர்களோ படித்து முடித்த பிறகு அந்தப் பட்டம் தாங்கள் போக நினைத்த நாட்டில் செல்லாது என்று தெரிந்து நொந்துபோகிறார்கள்.

கதவில் என்ன எழுதியிருக்கிறது?

ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். ஐந்து வருடம் கழித்து நீங்கள் உட்கார்ந்திருக்க ஆசைப்படும் வேலைக்கான விளம்பரங்கள் பத்தைத் தேடி எடுங்கள். இன்று கிடைக்கும் வேலைக்கானவை வேண்டாம், ஆசைப்படும் வேலைக்கானவைதான் வேண்டும். ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: கட்டாயம், இருந்தால் நல்லது, பேச்சே இல்லை. பட்டம், பயிற்சிச் சான்றிதழ், அனுபவம், மொழித் தேர்ச்சி, ஆசிரியர் உரிமம் என ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று குறியுங்கள். பத்தில் ஏழு விளம்பரம் "கட்டாயம்" என்றால் பாதி முடிவு அங்கேயே வந்துவிட்டது.

இதை ஊகத்தால் செய்யாதீர்கள், ஏனென்றால் இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது. பின்லாந்தில் பள்ளியில் மொழி ஆசிரியராக முதுகலைப் பட்டம் வேண்டும். பொதுவாகவே, எந்த நாட்டிலும் அரசுப் பள்ளி என்று வந்தால் பட்டமும் உரிமமும் இல்லாமல் நிரந்தர வேலை கிடைப்பது கடினம். ஜப்பான் அரசு 1987 முதல் நடத்தும் ஜெட் திட்டத்தில் துணை மொழி ஆசிரியராகச் சேர இளங்கலைப் பட்டம் கட்டாயம், ஆனால் எந்தப் பாடத்தில் வாங்கியிருந்தாலும் சரி. அங்கே என் வணிகவியல் பட்டமே போதும்! அதே ஜப்பானில், ஜப்பானிய மொழி கற்பிப்பவர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு தேசியத் தகுதி நடைமுறைக்கு வந்தது. அதற்கான தேர்வை எழுதப் பட்டம் கேட்பதில்லை. தேர்விலும் செய்முறைப் பயிற்சியிலும் தேற வேண்டும், அவ்வளவுதான். ஒரே நாட்டில், பக்கத்துப் பக்கத்து வேலைகளுக்கு இரண்டு விதமான வாசல்.

தென்கொரியாவின் இ-2 விசா இன்னொரு பாடம். ஆங்கிலம் கற்பிக்க அந்த விசாவுக்கு இளங்கலைப் பட்டமும், அதன் மேல் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டில் காட்டுவதற்கான அரசுச் சான்று) கேட்கிறார்கள். கூடவே பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்றும் பார்க்கிறார்கள். பொதுவாக, ஆங்கிலம் பேசும் நாடுகள் என்று அவர்கள் பட்டியலிட்ட நாடுகளின் குடிமக்களுக்கே அந்த விசா. பாஸ்போர்ட் தடுக்கும் இடத்தில் வெறும் எம்.ஏ. உதவாது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இரண்டு வருடம் மிச்சம். ஜெர்மனியில் குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்புகளில் பாடம் நடத்த ஓர் அரசு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். ஜெர்மனை அந்நிய மொழியாகக் கற்பிப்பதில் பட்டம் பெற்றவர்களுக்கு அது நேராகக் கிடைக்கிறது. வேறு பட்டம் உள்ளவர்கள் கூடுதல் பயிற்சி முடித்து அந்த இடத்துக்கு வரலாம். ஆக, "புதிதாக ஒரு பட்டமா, இருக்கும் பட்டத்தோடு ஒரு கூடுதல் பயிற்சியா?" என்ற கேள்வியையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனியாக இணையத்தில் பாடம் நடத்துவதே போதும் என்பவரா நீங்கள்? அப்படியானால் கதவே இல்லை, திறந்த வெளி. என் தனி மாணவர்களில் இந்த 14 வருடத்தில் என் பட்டத்தைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். மற்றவர்கள் ஒரு மாதிரி வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தார்கள்.

பட்டத்துக்கு முன்னால் ஒரு குறுகிய பயிற்சி

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. உங்களை வகுப்பில் பாடம் நடத்தவிட்டு, பின்னால் ஒருவர் உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் முகத்துக்கு நேரே குறை சொல்லும் பயிற்சி ஒன்றை முடிக்காமல் எம்.ஏ.வுக்குப் போகாதீர்கள்.

ஆங்கிலத்துக்கு இதில் தெரிந்த பெயர்கள் கேம்பிரிட்ஜின் செல்டாவும் டிரினிட்டியின் செர்ட்டெசாலும். செல்டா ஏறக்குறைய 120 மணி நேரம். அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு நீங்கள் பாடம் நடத்த வேண்டும், ஆறு மணி நேரம் அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்பைப் பார்க்க வேண்டும், நான்கு கட்டுரை எழுத வேண்டும். சேரப் பட்டம் கட்டாயம் இல்லை. முழுநேரமாகப் படித்தால் நாலைந்து வாரத்தில் முடிந்துவிடும். டிரினிட்டி பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு: உங்களுக்கு அறவே தெரியாத ஒரு மொழியில் சில மணி நேரம் மாணவராக உட்கார வைப்பார்கள். முதல் நாள் மாணவரின் பயம் எப்படி இருக்கும் என்று மறந்துபோன எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய மருந்து. நீங்கள் எந்தப் பயிற்சியிலும் சேராவிட்டாலும் இதை மட்டுமாவது செய்து பாருங்கள்.

ஜெர்மன் கற்பிப்பவர்களுக்கு கோதே நிறுவனத்தின் ஆசிரியர் பயிற்சிகள் இருக்கின்றன. மற்ற மொழிகளுக்கும் இப்படி ஏதாவது ஒன்று பெரும்பாலும் கிடைக்கும். பெயர் முக்கியமில்லை. பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கண்காணிக்கப்படும் கற்பித்தல் பயிற்சி எத்தனை மணி நேரம்? அந்த இடத்தில் பூஜ்யம் என்று இருந்தால், 120 மணி நேரச் சான்றிதழ் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் அது வீட்டில் உட்கார்ந்து படித்த புத்தகத்துக்குச் சமம்.

என் பயிற்சியின் மூன்றாவது வகுப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. 45 நிமிடப் பாடம். நன்றாகப் போனது என்று நினைத்தேன். மாணவர்கள் சிரித்தார்கள், தலையாட்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் ஒரு தாளை நீட்டினார். நிமிடத்துக்கு ஒரு கட்டமாக 45 கட்டம். நான் பேசிய நிமிடங்களில் நீலக் கோடு, மாணவர் பேசிய நிமிடங்களில் சிவப்புக் கோடு. நீலம் 33, சிவப்பு 12. அந்தப் பன்னிரண்டிலும் எட்டு ஒரே மாணவர் பேசியது. வலது மூலையில் சின்னதாக எழுதியிருந்தார்: "ஜன்னல் ஓரம் இருந்தவர் இன்று வாயே திறக்கவில்லை." அந்த ஒரு தாள் எனக்குக் கற்றுக்கொடுத்ததை முதுகலையின் எந்தத் தாளும் கற்றுக்கொடுக்கவில்லை. வகுப்பில் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும் பழக்கம் அன்றுதான் தொடங்கியது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாம் எல்லோரும் பள்ளிக் காலத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள். நம்மை அறியாமலே அவர்களைப் போலத்தான் பாடம் நடத்துகிறோம். டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-லேயே இதைக் கண்டு, பார்த்துப் பார்த்தே பெற்ற தொழிற்பழக்கம் என்று சொன்னார். அதை உடைக்க வெறும் படிப்பு போதாது. யாராவது நம் வகுப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனி அந்த நோட்டு

விளம்பரத் தாள் கதவுக்கான கேள்விக்குப் பதில் சொல்லும். இந்த நோட்டு வகுப்புக்கான கேள்விக்கு.

ஆறு வாரம், ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம். அன்றைக்கு உங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி, எப்படிக் கையாள்வது என்று தெரியாமல் விழித்த தருணம், எல்லாவற்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். மாணவர் கேட்டதையும் எழுதலாம், உங்கள் மனதில் எழுந்ததையும் எழுதலாம். நாளை எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மறுநாள் அந்தக் கேள்வி நமக்குச் சாதகமாக மாறிவிடும்.

ஆறு வாரம் முடிந்ததும் எல்லாவற்றையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல், மொழியைப் பற்றியது. என் அனுபவத்தில் இருந்தே ஒன்று. தமிழ் படித்துக்கொண்டிருந்த ஒருவர், "வந்தேன், வந்துவிட்டேன், இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். "இரண்டும் ஒன்றுதான், பேச்சில் எப்படியும் வரும்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வீட்டுப்பாடத்தில், "நான் 1985-ல் பிறந்துவிட்டேன்" என்று எழுதிக் கொண்டுவந்தார். நான் சொன்னதை நம்பி எழுதியிருந்தார். சிவப்பு மை போட எனக்குக் கை வரவில்லை. தவறு அவருடையது இல்லையே. 'விடு' என்ற துணைவினை, ஒரு செயல் முடிந்துபோனது, இனி அதில் செய்ய எதுவும் இல்லை என்ற உணர்வைச் சேர்க்கிறது. பிறந்த வருடத்தைச் சும்மா தகவலாகச் சொல்லும்போது அதற்கு வேலை இல்லை. தாய்மொழிதானே என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்க்காத விஷயம் இது. ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கு "ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே" ஏன் தவறு என்பதும் இதே ரகம்.

இரண்டாம் குவியல், வகுப்பறையைப் பற்றியது. ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் எப்படி நிறுத்துவது, தொடக்க நிலையும் இடைநிலையும் கலந்த குழுவை எப்படிச் சமாளிப்பது, இருபது நிமிடத்துக்கென்று போட்ட பயிற்சி ஆறு நிமிடத்தில் முடிந்துவிட்டால் என்ன செய்வது.

மூன்றாம் குவியல், "ஏன்" என்பது. இவர் ஏன் எட்டு மாதமாக ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்? தேர்வில் சரியாக எழுதுகிறவர் பேசும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறார்? நான் திருத்துவது அவர் காதில் விழுகிறதா இல்லையா?

முதல் குவியல் பெரிதாக இருந்தால் உங்களுக்கு இப்போது வேண்டியது பட்டம் இல்லை. நல்ல இலக்கண நூல் இரண்டும், தினமும் அரை மணி நேரமும் போதும். நீங்கள் கற்பிப்பது உங்கள் தாய்மொழி இல்லை என்றால், முதலில் உங்கள் சொந்தத் தேர்ச்சியை உயர்த்துங்கள். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரையிலான மொழித் தேர்ச்சி அளவுகோலில் பி2-வில் இருக்கும் ஆசிரியருக்கு, கற்பித்தல் கோட்பாட்டைவிட அடுத்த படியான சி1 தேர்வு அதிகம் உதவும் என்பது என் கருத்து. இரண்டாம் குவியல் பெரிதாக இருந்தால் மேலே சொன்ன குறுகிய பயிற்சியும், அனுபவமுள்ள ஒருவரின் வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பதும்தான் வழி. மூன்றாம் குவியல் தடித்துக்கொண்டே போனால், அதுவும் அந்தக் கேள்விகள் ராத்திரி உங்களைத் தூங்கவிடாமல் செய்தால், அப்போது பல்கலைக்கழகத்தின் பக்கம் திரும்புங்கள்.

மூன்றாம் குவியலுக்குப் பட்டம் என்ன செய்தது

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். மாணவி ஒருவர் எப்போதும் "நான் பசிக்குது" என்பார். நான் உடனே "எனக்குப் பசிக்குது" என்று சரியாகச் சொல்லிக் காட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே "ஆமாம்" என்று தலையாட்டிவிட்டு மேலே பேசுவார். அடுத்த வாரம் மறுபடியும் "நான் பசிக்குது". இப்படி ஐந்து மாதம். அவருக்கு ஆர்வம் குறைவு என்று நான் நினைத்துவிட்டேன். இன்றும் அதை நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

முதுகலையின் இரண்டாம் பருவத்தில், ராய் லிஸ்டர், லீலா ரான்டா இருவரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். கனடாவில் பிரெஞ்சு வழியில் படிக்கும் குழந்தைகளின் வகுப்புகளைப் பதிவு செய்து, ஆசிரியர்கள் பிழையை எப்படியெல்லாம் திருத்துகிறார்கள் என்று ஆறு வகையாகப் பிரித்திருந்தார்கள். அதிகம் நடந்தது, நான் செய்தது மாதிரியே, சரியான வடிவத்தை ஆசிரியரே சொல்லிவிடுவது. மாணவர் தன் பிழையைக் கவனித்து எதிர்வினை காட்டுவது குறைவாக நடந்ததும் அதே முறையில்தான். ஆசிரியர் விடையைச் சொல்லாமல் மாணவரின் வாயில் இருந்தே வரவழைத்த இடங்களில் நிலைமை வேறாக இருந்தது.

படித்த அன்றே புரிந்தது. அந்த மாணவியின் காதில் நான் சொன்னது திருத்தமாக விழவே இல்லை. எனக்கும் பசிக்கிறது என்று நான் சொல்வதாக, அவர் சொன்னதை ஒப்புக்கொள்வதாகத்தான் விழுந்திருக்கிறது. "ஆமாம்" என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் அதுதான்! அடுத்த வகுப்பில் அவர் "நான் பசிக்குது" என்றதும், "யாருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். நாலைந்து நொடி. "நான்... எனக்கு... எனக்குப் பசிக்குது" என்றார். அதன் பிறகு "எனக்குத் தெரியும்", "எனக்குப் பிடிக்கும்" எல்லாவற்றிலும் அந்த 'கு' தானாக வர ஆரம்பித்தது. நூற்றுக்கு நூறு சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் தன் பிழை தன் காதில் விழத் தொடங்கியது.

இதற்கு முதுகலை தேவையா, அந்த ஒரு கட்டுரையை வீட்டிலேயே படித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். படித்திருக்கலாம்தான். ஆனால் அப்படி ஒரு கட்டுரை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. பிழை என்பது சோம்பலின் அடையாளம் இல்லை, கற்பவர் மனதில் உருவாகும் ஒரு தனி ஒழுங்கின் தடயம் என்று பிட் கார்டர் 1967-லும் லேரி செலிங்கர் 1972-லும் எழுதியவற்றை ஆசிரியர் ஒருவரோடும் சக மாணவர்களோடும் உட்கார்ந்து வாதாடிப் படித்தபோதுதான், என் மாணவர்களின் நோட்டுகளை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். பட்டம் எனக்குத் தந்தது அந்தக் கண். குரலை ஏற்றி இறக்கவோ நேரத்தைப் பங்கிடவோ அது சொல்லித்தரவில்லை.

சேர்வது என்று முடிவானால்

பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள். ஒரு மொழியில் இலக்கியப் பட்டம் வேறு, மொழியியல் வேறு, பயன்பாட்டு மொழியியல் அல்லது மொழி கற்பித்தல் வேறு, கல்வியியல் வேறு. இலக்கியத்தில் ஆழ்ந்த படிப்பு உள்ளவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் காப்பியம் தெரிந்தவருக்கு வேற்றுமை உருபை ஓர் அயலாருக்குச் சொல்லித்தரத் தெரிந்திருக்கும் என்பதில்லை. பாடத்திட்டத்தை எடுத்து, இரண்டாம் மொழி கற்றல், ஒலியியல், ஆசிரியருக்கான இலக்கணம், மதிப்பீடு, பாடப்பொருள் தயாரிப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் மூன்றாம் குவியலில் உள்ள ஐந்து கேள்விகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பாடம் எதற்குப் பதில் சொல்லும் என்று கோடு போட்டு இணையுங்கள். இணைக்க முடியாவிட்டால் அது உங்களுக்கான படிப்பு இல்லை.

துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி மூன்று கேள்வி கேளுங்கள். கற்பித்தல் செய்முறை உண்டா, யார் வந்து பார்ப்பார்கள்? என் சொந்த வகுப்பையே ஆய்வுப் பொருளாக வைத்துக்கொள்ளலாமா? சேருகிறவர்களில் பெரும்பாலோர் அனுபவமுள்ள ஆசிரியர்களா, புதியவர்களா? மூன்றாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வி. ஒரு நாள்கூடப் பாடம் நடத்தாதவர்கள் மட்டும் இருக்கும் அறையில் பிழை திருத்தம் பற்றி விவாதிப்பது உப்புச்சப்பில்லாமல் போகும்.

நேரத்தைக் கணக்கிடும்போது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் முதுகலை 180 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக 1,800 மணி நேரம். ஐரோப்பிய முறையில் ஒரு வருடப் படிப்பு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேரம், கிட்டத்தட்ட அதே அளவு. பகுதிநேரமாக இரண்டு வருடம் என்று வைத்தால், வருடத்தில் 40 வாரம் உருப்படியாகப் படிக்க முடியும் என்று கொண்டாலும் வாரத்துக்கு 22 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. மூன்று வருடம் என்றால் 15. அந்த மணி நேரத்தை எதிலிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று நாட்காட்டியில் எழுதிக் காட்ட முடியாவிட்டால் இந்த வருடம் சேராதீர்கள். நான் இரண்டு வருடத்தில் முடிக்கிறேன் என்று சேர்ந்து, மூன்றாவது வருடத்தில்தான் முடித்தேன்.

பணத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு. மொத்தக் கட்டணத்தையும், படிப்புக்காக விடப்போகும் வகுப்புகளின் வருமானத்தையும் கூட்டி, உங்கள் ஒரு மணி நேரப் பாட வருமானத்தால் வகுங்கள். எனக்கு 900 மணி நேரம் வந்தது, அதாவது ஒரு வருட உழைப்பு. முடித்த பிறகு என் வருமானம் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தது. அப்படியென்றால் போட்டதை எடுக்க ஐந்து வருடம். எனக்கு அது பரவாயில்லை, 20 வருடமாவது இன்னும் பாடம் நடத்துவேன் என்று தெரியும். இந்தத் தொழிலில் தொடர்வோமா என்று சந்தேகம் உள்ளவர் கடன் வாங்கிப் படிக்க வேண்டாம்.

முழுப் பட்டத்துக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. பிரிட்டிஷ் முறையில் 60 கிரெடிட் முடித்தால் முதுநிலைச் சான்றிதழ், 120 முடித்தால் முதுநிலை டிப்ளமோ, 180 முடித்தால் முதுகலை. நடுவில் இறங்கிக்கொள்ளும் வசதி உண்டா என்று சேரும் முன்பே கேளுங்கள். ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜின் டெல்டாவும் ஒரு வழி. மூன்று பகுதி, தனித்தனியாக முடிக்கலாம், இங்கிலாந்தின் தகுதி அடுக்கில் முதுகலைக்கு ஈடான ஏழாம் நிலை. ஆனால் அது பல்கலைக்கழகப் பட்டம் இல்லை, விசா அலுவலகம் அதைப் பட்டமாக ஏற்றுக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள்.

கடைசியாக, அங்கீகாரம். தொலைநிலைப் பட்டத்தையும் இணையவழிப் பட்டத்தையும் சமமாக ஏற்காத நாடுகள் உண்டு. வெளிநாட்டுப் பட்டம் செல்லுமா என்று சொல்ல ஐரோப்பாவுக்கு என்றால் எனிக்-நாரிக் அலுவலகங்கள், ஜெர்மனிக்கு என்றால் அனபின் தரவுத்தளம். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை அங்கே தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் படித்த காலத்தில் ஒரு பயிற்சி நிலையம் என்னை நேர்காணலில் தேர்ந்தெடுத்துவிட்டு, மதிப்பெண் பட்டியலின் மூலப்பிரதி வரத் தாமதமானதால் வேறொருவரை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து பட்டம், மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட விவரம் மூன்றையும் முத்திரையோடு இரண்டு படி எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, அந்த இளம் ஆசிரியை. ஆறு வாரம் கழித்து நோட்டோடு வந்தாள். 43 கேள்வி. மொழியைப் பற்றி 24, வகுப்பறையைப் பற்றி 13, ஏன் என்று 6. விளம்பரத் தாளில் எட்டு இடங்கள் ஏதாவது ஒரு பட்டமும் கண்காணிப்புள்ள பயிற்சிச் சான்றிதழும் கேட்டிருந்தன. பட்டம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பவில்லை. நாலு வாரப் பயிற்சிக்குப் பணம் கட்டிவிட்டாள். அந்த ஆறு கேள்வியையும் நோட்டின் பின்னட்டையில் தனியாக எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த வருடம் அது இருபதைத் தாண்டினால் எம்.ஏ. என்பது எங்களுக்குள் பேச்சு.

ஆறில் ஒன்று இது: ஒரே தமிழ் வகுப்பில் எல்லோரும் 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போது, ஒரு மாணவர் மட்டும் ஏன் முதல் நாளில் இருந்தே தவறவில்லை? போன வாரம் அவளே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஓடிவந்தாள். அவருடைய தாய்மொழி இந்தோனேசிய மொழி. அதில் கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல 'கித்தா', சேர்க்காமல் சொல்ல 'காமி' என்று இரண்டு சொல் இருக்கின்றன. பின்னட்டையில் அந்த வரியை அடித்துவிட்டு, அதற்குக் கீழேயே புதிதாக ஒன்றை எழுதினாள்: "மற்றவர்களின் தாய்மொழிகளில் இது எப்படி?"